பச்சைப் பொட்டு

கல்யாணப் போட்டோவில் மெக்கானிக்கின் முகம் மட்டும் கலங்கலாக இருக்கும். மனைவியின் முகம் தெளிவு. பின்னால் எட்டிப் பார்க்கிற மச்சினனின் காது கூடத் தெளிவு. போட்டோக்காரர் "அசையாதீங்க" என்று மூன்று தடவை சொல்லியும் மாப்பிள்ளை அசைந்துவிட்டார். வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்களாம். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகு மனிதர் சும்மா நிற்பாரா?

இருபத்தாறு வருஷம் ஆகியும் அதே கதைதான். சாப்பிடுவது நின்றுகொண்டு. போன் பேசுவது பல் தேய்த்துக்கொண்டே. எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு மண்ணும் விளங்காது. ஊரில் அவருக்குப் பரபரப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பரபரப்பு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் பட்டறைக்குள் நுழைவார்கள். அவர் அதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளவும் கொஞ்சம் நேரம் வேண்டுமே.

அவருடைய பட்டறை, தெரு முடிந்து மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவரில் அளவுவாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள். வேலைக்கு ஆள் கிடையாது. இவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஒருவரும் ஒரு மாதம் தாண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுகிற பழைய ஃபோர்வீல் டிரைவ் ஜீப்புகள்தான் அவருக்குப் பிழைப்பு. ஒரே மாடல். எல்லாவற்றுக்கும் முப்பது வயதுக்கு மேல்.

நல்ல வண்டிதான், குறை சொல்லக் கூடாது. இஞ்சின் இரும்புக் குண்டு. ஆனால் ஒரே ஓர் இடத்தில், அதைச் செய்தவர்கள் கோட்டைவிட்டுவிட்டார்கள். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருகிற தண்டின் நுனியில் வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பெட்டிக்குள் ஒரு சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான்கு டயருக்கும் போகிற இழுவை மொத்தமும் அந்தக் கவ்வலில்தான். அந்த இடத்துக்கு ஆயில் போக வழியே வைக்கவில்லை, புண்ணியவான்கள். வருஷக்கணக்கில் காய்ந்து உரசி, செம்பொடியாகத் துருக்கொட்டி, பல் கத்திமுனையாகத் தேய்ந்து, ஒருநாள் வழுக்கிவிடும். ஏற்றத்தில் வழுக்கினால் வண்டி நின்றுபோகும், இறங்கித் திட்டலாம். இறக்கத்தில் என்றால் கியரின் பிடி அறுந்து வண்டி தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

இது அந்த வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. வைத்தியமும் உண்டு. கொஞ்சம் அகலம் கூடிய புதுச் சக்கரம் வருகிறது. தண்டில் தேயாத பகுதியையும் சேர்த்துக் கவ்வும். ஆயில் உள்ளே போக அதில் துளையும் இருக்கும். ஆர்டர் கொடுத்தால் வந்துசேர இரண்டு மாதம், மாட்ட நான்கு மணி நேரம். மாட்டி முடித்ததும் மெக்கானிக் அந்தப் பெட்டியின் பின்மூடியில் பச்சைப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். ஆரம்பத்தில் தன் ஞாபகத்துக்காக வைத்ததுதான். போகப்போக அதுவே அத்தாட்சி ஆகிவிட்டது. வண்டி வாங்குகிறவன் இஞ்சினைத் திறந்து பார்க்க மாட்டான். குனிந்து பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பான். பொட்டு இருந்தால் வேறு கேள்வி கேட்க மாட்டான். மலையில் அறுபது, எழுபது வண்டிகள் அந்தப் பொட்டோடு ஓடின.

மெக்கானிக்கின் சொந்த வண்டியிலும் பொட்டு இருந்தது. சக்கரம்தான் இல்லை.

ஏமாற்ற வேண்டும் என்று செய்ததில்லை. தன் வண்டிக்கென்று இரண்டு தடவை சக்கரம் வரவழைத்தார். இரண்டு தடவையும் அவசரம் என்று வந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். யாராவது காத்திருப்பதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. அதைவிட, "இன்னைக்கே முடிச்சிட்டீங்களா!" என்று அவர்கள் வாய்பிளப்பதைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. மூன்றாவது சக்கரம் வந்த அன்று, நாளைக் காலையில் முதல் வேலை நம்ம வண்டி என்று முடிவே கட்டிவிட்டார். அன்று மாலை வேறொரு வண்டிக்குப் பொட்டு வைக்கப் பெயின்ட் டப்பாவோடு ஒரு மல்லுக்கட்டு. மூடி ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. ஒருவழியாகத் திறந்து, வைத்து முடித்தபோது பிரஷில் பெயின்ட் மிச்சம் இருந்தது. நாளைக்கு இந்த மூடியோடு யார் மறுபடி மாரடிப்பது? அப்படியே குனிந்து தன் வண்டிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். விடிந்தால் போடப்போகிற சக்கரத்துக்கு முந்தின நாளே பொட்டு. இந்தக் காரியத்தை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

விடிந்ததும் மாட்டு டாக்டர் வந்து நின்றார். மலைமேல் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே விழுந்திருந்தது. அவர் வண்டி நகரவில்லை. சக்கரம் டாக்டர் வண்டிக்குப் போனது. பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. ராத்திரி மனைவி, "நம்ம வண்டி முடிஞ்சுதா?" என்று கேட்டாள். வாயில் சோறு இருந்தது. "ஆச்சு" என்று சொல்லிவிட்டார். விளக்கம் சொல்வதைவிட அது சுருக்கமாக இருந்தது.

இது நடந்து எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவரே ஓட்டியதால் தெரியாமல் போனது. ஆக்சிலேட்டரில் கால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக் கேட்டுக் காலை மெத்தென்று வைத்து எடுக்கப் பழகியிருந்தார். நாளைக்குப் போட்டுவிடலாம், நாளைக்குப் போட்டுவிடலாம் என்று நாள் போனது.

அன்று காலை, மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையில் சேரும் நாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு முதல் வேலை. இருபத்துமூன்று வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பெட்டி, படுக்கை, பாத்திரம் எல்லாம் ஜீப்பில் ஏறியாகிவிட்டது. தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்த மெக்கானிக், முந்தின நாள் சர்வேயருடைய வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். கடைசியில் மச்சினன் வந்தான். அவனிடமும் இதே மாடல் வண்டி உண்டு. அதில் அவன் மனைவி தினமும் மேல்மலைப் பிள்ளைகள் பதினோரு பேரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறாள். அதனால் அத்தானின் வண்டியையே எடுத்துப் போவதாக ஏற்பாடு.

மச்சினன் நிதானமான ஆள். சாவியை வாங்கியவன் நேராக ஏறி உட்காரவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

"பொட்டு இருக்கு. அப்புறம் என்ன, அத்தான்? கண்ணை மூடிட்டுப் போகலாம்."

மெக்கானிக் வாயைத் திறந்தார். மனைவி பக்கத்தில் நின்றாள். மகள் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அத்தனை பேர் முன்னால் எட்டு மாதப் பொய்யை அவிழ்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"அப்புறம் என்ன, மச்சான்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

பட்டறைக்கு வந்து சர்வேயர் வண்டியின் பின்மூடியைக் கழற்றினார். உள்ளிருந்து செம்பொடி அவர் மணிக்கட்டில் கொட்டியது. பழைய சக்கரத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. இந்தச் சர்வேயர் வண்டியைவிட ஒன்றரை மடங்காவது ஓடியிருக்கும் தன்னுடையது. கை வேலையை விட்டுவிட்டது. போனை எடுத்து மச்சினனுக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மகளுக்கு அடித்தார்; அதே பதில். கணவாய் ஏறத் தொடங்கிவிட்டார்கள். வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தார், உள்ளே போனார், ஸ்பேனரை எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் வைத்தார், மறுபடி வாசலுக்கு வந்தார். ஏற்றத்திலேயே வழுக்கிவிடு, ஏற்றத்திலேயே வழுக்கிவிடு என்று அந்தச் சக்கரத்தை மனசுக்குள் கெஞ்சினார். அந்தப் பக்கம் பத்தொன்பது வளைவு இறக்கம்.

மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது அவர் நடுரோட்டில் நின்றிருந்தார்.

"என்னங்க இது? லாரிக்காரன் திட்டிட்டுப் போறான், காதுல விழலையா?"

"நம்ம வண்டிக்குப் போடல."

"எதை?"

"சக்கரத்தை. பொட்டு மட்டும்தான் வெச்சேன். மாட்டு டாக்டருக்குக் கொடுத்துட்டேன் அதை."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தூக்கைக் கீழே வைத்தாள். "பாப்பா அதுல போயிருக்கா."

"ஆமா."

"தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?"

அவள் கத்துவாள் என்று அவர் நினைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் மூஞ்சியைப் பார்த்துட்டு நின்னா ஆச்சா? எட்டரை பஸ் இன்னும் போகல. ஓடுங்க."

ஓடினார். ஓடுகிற ஓட்டத்திலும் கைப்பைக்குள் நான்கு ஸ்பேனரையும், சர்வேயருக்கென்று வந்திருந்த புதுச் சக்கரத்தையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். மறுபடியும் ஒருவருக்கு உரியதை எடுத்து இன்னொருவருக்கு. அதை யோசிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. போனை மேஜையிலேயே விட்டுவிட்டார்.

பஸ்ஸில் பாதி சீட் காலி. மெக்கானிக் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டிப் பள்ளத்தைப் பார்த்தார்.

"அண்ணே, உள்ள வந்து உக்காருங்க" என்றார் கண்டக்டர். "நீங்க விழுந்தா எனக்குத்தான் வேலை போகும்."

"உக்காந்தா எனக்கு ஆகாதுப்பா."

"ஏன், மூலமா?"

பின்சீட்டில் நான்கு பேர் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் நான்கு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார். இன்று காதிலேயே ஏறவில்லை. டிரைவரிடம் போய், "கொஞ்சம் மிதிங்க, அண்ணே" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாக ஓட்டினார். ஏற்றம் முழுவதும் வண்டியைக் காணவில்லை. சாலை ஓரத்தில் நின்றால் நல்லது என்று எதிர்பார்த்த இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. கணவாயின் உச்சியில் இருந்த டீக்கடையில் விசாரித்ததில், உங்க ஜீப்பா, எட்டேகாலுக்கே இறங்கியாச்சே என்றார் கடைக்காரர்.

இறக்கத்தில் அவர் வளைவுகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் தடுப்புச் சுவர் உடைந்திருந்தது. படியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார். அது பழைய உடைசல், இடுக்கில் புல் முளைத்திருந்தது. ஏழாவதில் தார் மேல் கறுப்பாக டயர் தேய்ந்த கோடு. எட்டாவதிலும். மகள் பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் இப்படி வேர்த்து நின்றதில்லை. ஒன்பதாவது வளைவு திரும்பியதும் ஜீப் தெரிந்தது. மலைப் பக்கத்து மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டு, நான்கு டயருக்கும் கல் முட்டுக் கொடுத்து நின்றது. பக்கத்தில் ஒரு சின்னப் பாலத்தின் கட்டையில் மகள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

பஸ் நிற்பதற்குள் குதித்துவிட்டார். மகளின் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், கையைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்ல" என்று அவள் சிரித்தாள். மச்சினன் இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். துண்டில் ரத்தம்.

"அத்தான், என்னை மன்னிச்சிடுங்க" என்றான். "உங்க வண்டியை நாசம் பண்ணிட்டேன். எத்தனை தடவை போன் போட்டேன், நீங்க எடுக்கவே இல்ல."

மெக்கானிக் அந்தத் துண்டையே பார்த்தார்.

"ரெண்டாவது கியர்லதான் இறங்கிட்டு இருந்தேன். திடீர்னு பிடி விட்டுப்போய் ஓட ஆரம்பிச்சிடுச்சு. பதறிப்போய் முதல் கியரைத் திணிச்சேன். அதுல என்னத்தையோ உடைச்சிட்டேன் போல. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு புகையே வந்துடுச்சு. அப்புறம்தான் மலைப் பக்கமா இடிச்சு நிறுத்தினேன். இருபது வருஷமா இதே மாடல் வண்டியை ஓட்டுறேன், இப்படி ஒரு தப்பு பண்ணினதே இல்ல."

"மாமா ஓட்டின ஓட்டுக்கு நான் நேரா மேலோகத்துலதான் வேலைக்குச் சேர்ந்திருப்பேன்" என்றாள் மகள். "கிளம்பினதுல இருந்து கதை பேசிட்டே வந்தாருப்பா. ரோட்டைப் பார்த்தாத்தானே." மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். "வர்றவங்க ஏறுங்க, நேரமாச்சு" என்று கண்டக்டர் விசில் ஊதினார். மகளின் பெட்டியைத் தூக்கி மேலே போட்டார்கள்.

காலையிலிருந்து மெக்கானிக் அவர்களைக் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் நினைத்திருந்தார். கண்டுபிடித்த பிறகு என்ன என்று நினைக்கவே இல்லை. இப்போது அது அவர் முன்னால் சுலபமாக வந்து நின்றது. பஸ் போகட்டும். மச்சினனையும் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அதிலேயே அனுப்பிவிடலாம். பையில் புதுச் சக்கரம் இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. ஆள் போன பிறகு மூடியைத் திறந்து மாட்டிவிட்டுப் பழையதைப் பள்ளத்தில் வீசினால் தீர்ந்தது. பொட்டு ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தன் தம்பியிடம் சொல்லி அவனை நோகடிக்க மாட்டாள். மச்சினன் மட்டும் ஆயுசுக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பான்.

"வரேன்பா" என்று மகள் படியில் கால் வைத்தாள். "மாமாவைத் திட்டாதீங்க, பாவம்."

"மச்சான், உன் மேல தப்பு இல்ல" என்றார் மெக்கானிக்.

"விடுங்க அத்தான். ஆறுதலுக்குச் சொல்றீங்க. பொட்டு வெச்ச வண்டி இது. அதுவா போகாது. நான்தான் போக்கிட்டேன்."

"சக்கரம் போடல. பழசுதான் உள்ள இருக்கு. மொத்தமாத் தேஞ்சது."

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்போ பொட்டு?" என்றாள் மகள்.

"மறுநாள் போடலாம்னு முந்தின நாளே வெச்சுட்டேன். அப்புறம் அதை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். எட்டு மாசம் ஆச்சு. காலையில சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல." இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். கண்டக்டர் வாயில் வைத்த விசிலை எடுத்துவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தவர்களில் மலையில் ஜீப் வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேராவது இருந்தார்கள்.

மகள் படியிலிருந்து இறங்கினாள். அப்பாவிடம் வரவில்லை. மச்சினனிடம் போய், துண்டு சுற்றிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மணி நேரமா உங்களைத் திட்டிட்டே இருந்தேன், மாமா" என்றாள். பிறகு திரும்பி ஏறிக்கொண்டாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்மா" என்று மெக்கானிக் பஸ்ஸோடு நான்கு எட்டு ஓடினார்.

"அம்மாவுக்குப் பண்றேன்" என்றாள் அவள்.

பஸ் வளைவில் மறைந்தது. சாலையில் இரண்டு பேரும் ஜீப்பும் மட்டும் மிஞ்சினார்கள். மெக்கானிக் சட்டென்று பையைப் பிரித்து ஸ்பேனரை எடுத்தார். கையில் வேலை இருந்தால் சமாளித்துவிடலாம் என்பது அவர் வழக்கம். மச்சினன் திட்டட்டும், அடிக்கக்கூடச் செய்யட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி வண்டிக்கு அடியில் நுழையக் குனிந்தார்.

மச்சினன் திட்டவில்லை. நிதானமாகத்தான் கேட்டான்.

"அத்தான், என் வண்டியில போட்டீங்களா?"

மெக்கானிக் குனிந்தவாறே திரும்பினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, தன் கையால் மாட்டியது. பழைய சக்கரத்தை மச்சினன் மனைவியிடமே காட்டினார். எல்லாம் ஞாபகம் இருந்தது.

"போட்டிருக்கேன், மச்சான். சத்தியமா போட்டிருக்கேன்."

அது உண்மை. இதைவிட உண்மையாக அவர் வாழ்க்கையில் ஒன்றுமே சொன்னதில்லை. மச்சினன் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினான். கடன்காரனின் சாக்குப்போக்கைக் கேட்டுக்கொள்கிற மாதிரி மரியாதையாகத்தான் ஆட்டினான். பிறகு இரண்டடி தள்ளிப் போய், நல்ல கையால் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான்.

"சாயங்காலம் பிள்ளைங்களைக் கூப்பிட நம்ம வண்டியை எடுக்காதே" என்றான். "அதெல்லாம் வந்து சொல்றேன். வேற யார்கிட்டயாவது வண்டி கேளு. நான் வந்து என் கண்ணால திறந்து பார்க்கிற வரைக்கும் அதைத் தொடாதே."